ஏலத்துக்குப் போன எழிலு சேலை

பிளசன்டன்
ஆடி 20, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கண்மணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் பெரிய மாப்பிள்ளையும் வெண்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நியூஜெர்சியில் நீயும் சபரி மாப்பிள்ளையும் குட்டி ஆர்யனும் அதேபோல இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். நாள் தவறாமல் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் என்றால் நான் பாதியில் அழுதுவிடுவேன், நீ எனக்கு முன்னாடியே அழுதுவிடுவாய், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். அதனால் வெண்பாவின் நோட்டில் நாலைந்து தாள் கிழித்து வைத்துக்கொண்டு சமையல்கட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். அஞ்சாவதோடு நின்ற கை, மெதுவாகத்தான் போகும். நீயும் மெதுவாகவே படி.

முதலில் வீட்டுச் சேதி. வெண்பாவுக்கு லீவு முடியப் போகிறது, ஒரு பிடி உயரம் கூடிவிட்டாள், ரசம் சோறு என்றால் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். மாப்பிள்ளை இளைத்துத்தான் இருக்கிறார், கேட்டால் ஒன்றுமில்லைங்க அத்தை என்பார். இந்த வீட்டைக் காலி செய்கிறோம் என்று முன்னாலேயே சொன்னேன் அல்லவா, சான் ஹோசேயில் அவர் ஆபீஸ் பக்கமாக இரண்டு ரூம் அபார்ட்மென்ட் பேசி முடித்துவிட்டார், அடுத்த மாசம் பதினைந்தாம் தேதி போகிறோம். ஃப்ரீவேயில் மாட்டிக்கொண்டு வெண்பாவைக் கூப்பிட நேரத்துக்கு வர முடியாமல் ரொம்பத் தவித்துப்போனார், இனி அந்தக் கஷ்டம் இருக்காது. எனக்கு விசா புரட்டாசி வரைக்கும். அதற்குள் இவர்களைக் குடிவைத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். அங்கே உங்கள் அப்பா மூன்று வேளையும் தயிரை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டு, நல்லாத்தான் இருக்கறேன் என்று எனக்கே பொய் சொல்கிறார்.

இந்த வீட்டில் இருக்கிற சாமான் அந்த அபார்ட்மென்டில் கால்வாசிகூட நிற்காது. அதனால் ஆனி மாசம் பிறந்ததிலிருந்து மாப்பிள்ளை ஒவ்வொன்றாக எடுத்து கம்ப்யூட்டரில் ஏலத்துக்கு விடுகிறார். உன் அக்கா எழிலு வாங்கி நாலு தரம் ஓடிவிட்டுத் துணி காயப்போட்ட அந்த ஓடுகிற மெஷின், தையல் மெஷின், பனிக்குப் போடுகிற பூட்ஸ், பிரிக்காத இட்லி குக்கர் என்று எல்லாம் போனது. நானும் ஏலம் பார்க்காதவளா, கோபியில் வாழைத்தார் ஏலத்தில் உங்கள் அப்பாவோடு எத்தனை சனிக்கிழமை நின்றிருக்கிறேன். அங்கே கேட்கிறவன் முகம் தெரியும், தொண்டை தெரியும், விலை கட்டாது என்றால் தாரைத் திருப்பி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம். இது சத்தமே இல்லாத ஏலம். ஏழு நாள் அப்படியே கிடக்கும், கடைசி அஞ்சு நிமிஷத்தில் நம்பர் தாவும், அவ்வளவுதான், முடிந்துவிட்டால் நாம் மறுக்க முடியாது. வாங்கினவர் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. பெட்டியில் போட்டு டேப் ஒட்டி அனுப்பிவிட வேண்டியதுதான். மாப்பிள்ளைக்கு அதுதான் தோதாக இருந்தது என்று நினைக்கிறேன். ஆளைப் பார்த்துக் கொடுப்பதென்றால் அவரால் முடிந்திருக்காது.

சாதாரணத் துணிமணியை இங்கே தானம் வாங்குகிற கடையில் கொடுத்துவிட்டோம். கல்யாணக் கூறைச்சேலை அவளோடவே போனது உனக்குத் தெரியும். இரண்டு பட்டுச்சேலையை நீ எடுத்துக்கொண்டாய். மிச்சத்தில் அந்த மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்டது, வெண்பாவின் காதுகுத்துக்கு எடுத்தோமே, அன்றைக்கு ஒருநாள்தான் கட்டினாள். அதை தானக் கடைக்குப் போடவும் மனசு வரவில்லை, நான் வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது, கட்ட ஆளில்லாமல் மடிப்பிலேயே நைந்துபோகும். நான்தான் மாப்பிள்ளையிடம் எடுத்துக் கொடுத்து இதையும் விட்டுவிடுங்க என்றேன். அவர் ரொம்ப நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் போட்டோ எடுத்து, நீளம் இவ்வளவு, நிறம் இது, ஒருதரம் கட்டியது, கறை கிழிசல் இல்லை என்று எழுதினார். யார் கட்டினது, அவள் இப்போது எங்கே என்று எழுதுவதற்கு அதில் இடமே இல்லை கண்ணு. நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அந்தச் சேலைக்கு மட்டும், பார்சல் வேண்டாம், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சேதி வந்தது. குபெர்டினோவில் இருக்கிற பெண். சனிக்கிழமை மாப்பிள்ளை வெண்பாவை நீச்சலுக்குக் கூட்டிப் போயிருந்த நேரம் பார்த்து வந்தாள். பேர் ஷ்ரேயா. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, இருபத்தேழு வயசு இருக்கும், தமிழை ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசுகிறது. சேலையை விரித்துக் காட்டினதும் அதன் கண் அப்படியே விரிந்தது. ஆன்ட்டி, போட்டோவை விட நேர்ல இன்னும் அழகா இருக்கு, ஆவணில எனக்கு மேரேஜ், முகூர்த்தத்துக்கு இதைத்தான் கட்டப் போறேன், புதுசா வாங்கி ஒரே நாள் யூஸ் பண்ணி பெட்டில வைக்கறது எனக்குப் பிடிக்கல, அம்மாவை கன்வின்ஸ் பண்ணவே ஒரு மாசம் ஆச்சு என்றது. வருஷம் திரும்பாத வீட்டுச் சேலையை முகூர்த்தத்துக்குக் கட்டுவதா என்று நினைக்கும்போதே அது கேட்டுவிட்டது, இது யாரோடது ஆன்ட்டி, உங்க டாட்டரோடதா, அவங்க இல்லையா வீட்ல என்று.

நீயே சொல், கல்யாணம் நிச்சயமான பெண் சிரித்த முகமாக வாசலில் வந்து நிற்கும்போது சாவுச் சேதி சொல்வார்களா. நம் பக்கம் யாரும் சொல்ல மாட்டார்கள். வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன். ஊருக்குப் போயிருக்கா கண்ணு என்றேன். அந்தப் பெண், ஓ நைஸ், எப்போ வருவாங்க என்றது. வருவா, கொஞ்ச நாள் ஆகும் என்றேன். சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு காரில் ஏறிப் போனது. போகும்போது, கட்டறதுல டவுட் வந்தா உங்ககிட்ட கேக்கலாமா என்று என் நம்பரை வாங்கிக்கொண்டது.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்று அந்தப் பெண் வாட்ஸாப்பில் பேசியே அனுப்பும், நானும் பேசியே அனுப்புவேன். டிரை கிளீன் கொடுக்கலாமா என்று முதலில் கேட்டது. வேண்டாம், எழிலு கொடுக்க மாட்டா, நிழலில் காத்தாட விட்டு வெள்ளைத் துணியில் சுத்தி வைப்பா என்றேன். தோளில் பின் குத்தினால் ஜரிகை இழுக்காதா என்றது. எழிலு உள்பக்கமாக ஒரு துணித்துண்டு வைத்து அதன்மேல்தான் குத்துவாள் என்றேன். இதெல்லாம் நிஜம்தானே. அக்கா மேரேஜ் அன்னிக்குப் பயந்தாங்களா என்று ஒருநாள் கேட்டது. பயந்தாளாவா, மணவறைக்கு வர்றதுக்குள்ள மூணு தரம் பாத்ரூம் போனா, அவ தங்கச்சி கண்மணிதான் வெளியே நின்னு கதவைத் தட்டிக்கிட்டே இருந்தா என்றேன். ஷ்ரேயா சிரிச்ச சிரிப்பு இருக்கே, அதைத் திரும்பத் திரும்ப நாலு தரம் போட்டுக் கேட்டேன். எழிலுவைப் பற்றிச் சொல்லி ஒருத்தி சிரித்து எத்தனை மாசம் ஆச்சு.

அப்புறம்தான் எனக்குப் புத்தி கோணலாகப் போனது. அக்கா எப்படி இருக்காங்க என்று கேட்டால் எதையாவது சொல்ல ஆரம்பித்தேன். ஊர்ல வெயில் தாங்கல, கறுத்துட்டா என்றேன். இன்னைக்கு ஈரோடு போயிருக்கா என்றேன். ஒருநாள் பல்வலியென்று படுத்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன் கண்மணி. சொல்லிவிட்டு அடுப்படியில் நிற்கிறேன், கிராம்பு வைத்திருப்பாளா, சூடாக உப்புத் தண்ணீர் கொப்பளித்திருப்பாளா என்று மனசு அடித்துக்கொள்கிறது. நானே சொன்ன பொய்யில் வந்த பல்வலிக்கு நானே சாயங்காலம் வரைக்கும் கவலைப்பட்டேன். அந்தக் கவலை எனக்குச் சுகமாக இருந்தது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். இந்த வீட்டில் எழிலு இல்லை, ஊரில் இல்லை, உன் வீட்டில் இல்லை. குபெர்டினோவில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் அவள் உயிரோடு இருந்தாள், வெயிலில் கறுத்துப்போய், பல்வலியோடு. அந்த வீட்டுக்குத் தினமும் ஒருதரம் போய்விட்டு வர எனக்கு ஆசையாக இருந்தது.

வெண்பா கேட்டுவிட்டாள். நான் கராஜில் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, அவ நாளைக்கு கோபிச் சந்தைக்குப் போறாளாம் என்று போனில் பேசிக்கொண்டிருக்கிறேன், பின்னாடி வந்து நிற்கிறது பிள்ளை. எவ்வளவு நேரமாக நின்றது தெரியாது. அம்மிச்சி, ஈஸ் மம்மி இன் கோபி என்று கேட்டாள். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. ரகசியம் மாதிரி, நான் ஆமாம் என்றால் யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்கிறேன் என்கிற மாதிரி கேட்டாள். எட்டு வயசுப் பிள்ளை, ஆஸ்பத்திரியில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை, அதற்கே ஒரு நிமிஷம் ஆசை வந்துவிட்டது என்றால் நான் என்ன காரியம் பண்ணியிருக்கிறேன் பார். இல்லை சாமி, அம்மா எங்கயும் இல்லை, அம்மிச்சி பொய் சொன்னேன் என்று மடியில் இழுத்து உட்கார வைத்தேன். வொய் என்றாள். அந்த அக்காவுக்குக் கல்யாணம், அதான் சொல்ல முடியல என்றேன். வெண்பா கொஞ்ச நேரம் பெட்டியில் ஒட்டியிருந்த டேப்பை உரித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம், பட் யூ ஹேவ் டு டெல் ஹெர் அம்மிச்சி என்று எழுந்து போய்விட்டாள்.

பேசி அனுப்புகிற விஷயம் இல்லை இது, நேரில்தான் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். நான் கூப்பிடுவதற்குள் அதுவே வந்துவிட்டது. போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை, தட்டில் வெற்றிலை பாக்கு குங்குமம் பத்திரிகை எல்லாம் வைத்து, லிவர்மோர் கோயிலில் கல்யாணம், அக்கா அதுக்குள்ள வந்துட்டா அவங்களும் கண்டிப்பா வரணும், அவங்க சேலையை அவங்க பார்க்கணும் இல்ல என்று நீட்டுகிறது. தட்டை வாங்காமல் உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். என் மக ஊர்ல இல்லை கண்ணு, தை மாசமே போயிட்டா, கேன்சர் என்றேன். இவ்வளவுதான் சொன்னேன். இதைச் சொல்ல ஒரு மாசம் ஆனது எனக்கு.

அழும், கோபப்படும் என்று நினைத்தேன், இரண்டும் இல்லை. தட்டை மெதுவாக மேஜையில் வைத்தது. அப்போ அக்கா பத்தி நான் கேட்டதுக்கெல்லாம் என்று இழுத்தது. நான்தான் சொன்னேன், அந்தப் பல்வலியும் வெயிலும் பொய், மத்ததெல்லாம் அவ பண்றது, அவ இருந்திருந்தா அதையேதான் சொல்லியிருப்பா என்றேன். போட்டோ இருக்கா ஆன்ட்டி என்றது. காதுகுத்து அன்றைக்கு எடுத்ததைக் காட்டினேன். அந்தச் சேலையில் அவள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள், வெண்பா இடுப்பில் அழுதுகொண்டிருக்கிறது. ரொம்ப நேரம் பார்த்தது. எனக்கு ஒண்ணும் இல்ல ஆன்ட்டி, ஆனா அம்மாகிட்ட சொல்லாம இருக்க முடியாது என்றது. சொல்லணும், மறைக்காதே, நான் மறைச்சதே போதும் என்றேன். பத்திரிகையை மட்டும் வைத்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு போனது.

அந்தப் பெண்ணின் அம்மா மறுநாள் போன் பண்ணினாள். சென்னைக்காரி, முப்பது வருஷமாக இங்கே இருக்கிறவள். கத்தவில்லை. நீங்களும் பொண்ணைப் பெத்தவங்கதானே, ஃபர்ஸ்ட்டே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க ஏலமே கேட்டிருக்க மாட்டோம், எங்க வீட்ல இது முதல் கல்யாணம், நாளைக்கு அவளுக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட எனக்கு இந்தச் சேலைதான் ஞாபகம் வரும், என் மனசு அப்படி, நான் என்ன பண்ணட்டும் என்றாள். உன் கல்யாணத்துக்கு அப்படி ஒரு சேலை வந்திருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன், இதைவிடக் கடுமையாகவே சொல்லியிருப்பேன். தப்பு என் மேலதாங்க, திருப்பிக் கொடுத்துடுங்க என்றேன். அதற்கப்புறம் அவள் குரல் இறங்கிவிட்டது. உங்க பொண்ணுக்கு என்ன வயசு என்று கேட்டாள். முப்பத்தாறு என்றேன்.

புதன்கிழமை ஷ்ரேயாவே கொண்டுவந்து கொடுத்தது. நான் சொன்ன மாதிரியே வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. வேறு சேலை எடுத்தாச்சா என்று கேட்டேன், எடுத்தாச்சு, பச்சை, அம்மா சாய்ஸ் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னது. வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, ஆன்ட்டி, நீங்க அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாம் டிலீட் பண்ணல, வச்சுக்கலாமா, பின் குத்தறது எல்லாம் அதுலதான் இருக்கு என்றது. வச்சுக்கோ சாமி, அந்தப் பல்வலியை மட்டும் எடுத்துடு என்றேன். அது சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனது. நல்ல பிள்ளை, போகிற இடத்தில் நன்றாக இருக்கட்டும். கல்யாணத்துக்கு நான் போகப்போவதில்லை. வருஷம் திரும்பாதவள் போகக் கூடாது என்று அதற்கும் தெரியும், கட்டாயப்படுத்தவில்லை.

இவ்வளவும் மாப்பிள்ளைக்குத் தெரியாமல் நடந்தது. சேலை திரும்பி வந்ததும்தான் உட்கார வைத்து எல்லாம் சொன்னேன், வாங்கின பணத்தையும் திருப்பி அனுப்பச் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று இருந்தேன். நான் ஆபீஸ்ல நாலு பேருக்கு இன்னும் சொல்லவே இல்லீங்க அத்தை, எழில் எப்படி இருக்கான்னு கேட்டா ஃபைன்னு சொல்லிட்டு நடந்துடறேன் என்றார். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, எழிலு உயிரோடு இருந்தது ஒரு வீட்டில் மட்டும் இல்லை, அவர் ஆபீஸிலும் இருந்திருக்கிறாள் என்று. அப்புறம் நான் சொன்னேன், இந்தச் சேலையைத் திரும்ப ஏலத்துக்கு விடுங்க, ஆனா இந்தத் தடவை நான் சொல்றதை எழுதுங்க என்று. எழுத இடம் இல்லீங்களே அத்தை என்றார். குறை இருந்தா எழுதச் சொல்லி ஒரு இடம் இருக்குதே, அங்க எழுதுங்க என்றேன்.

நான் தமிழில் சொன்னேன், அவர் இங்கிலீஷில் அடித்தார். இந்தச் சேலை என் மகள் எழிலரசி கட்டினது. தன் மகளுக்குக் காது குத்தின அன்றைக்கு ஒருநாள் கட்டினாள். அவள் இந்த வருஷம் தை மாசம் இறந்துவிட்டாள். மனசில் சங்கடம் இருக்கிறவர்கள் வாங்க வேண்டாம், இல்லாதவர்கள் சந்தோஷமாகக் கட்டலாம். இவ்வளவுதான். இறந்துவிட்டாள் என்கிற இடம் வந்ததும் மாப்பிள்ளை நிறுத்திவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போனார். நானும் போகவில்லை, வெண்பாவையும் போக விடவில்லை. கொஞ்சம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து மிச்சத்தை அடித்தார். திங்கட்கிழமை, அதாவது நேற்று, இரண்டு பேருக்கு ஆபீஸில் சொல்லிவிட்டாராம். வந்து சொல்லும்போது பசிக்குதுங்க அத்தை என்றார். இந்த வீட்டில் அவர் வாயால் பசி என்று சொல்லி நான் கேட்டதே நேற்றுத்தான்.

இப்போது உனக்குச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன் அம்மிணி. நீ போனில் அக்கா பேச்சு வந்தால் ஆர்யன் அழறான் என்று வைத்துவிடுகிறாய். போன வாரம் அவன் அழுகிற சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. நான் உன்னைக் குறை சொல்லவில்லை, நான் பண்ணினதைப் பார்த்தால் நீ பண்ணுவது ஒன்றுமே இல்லை. ஆனால் பேரைச் சொல்லு. அழுகை வந்தால் அழு, நானும் அழுகிறேன், போன் கம்பெனிக்காரன் என்ன வேண்டாம் என்றா சொல்லப் போகிறான். அவள் உன் டிபன் டப்பாவில் இருந்த வடையைத் திருடித் தின்றதைச் சொல்லு, உன் கல்யாணத்தில் உன்னைவிட அவள் அதிகமாக மேக்கப் போட்டதைச் சொல்லு. வெண்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். அவளுக்கு அம்மாவைப் பற்றி நிஜமாகத் தெரிய வேண்டியது நிறைய இருக்கிறது, நாம் சொல்லாவிட்டால் என் மாதிரி யாராவது இட்டுக்கட்டிச் சொல்லுவார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஆர்யனுக்குச் சளி பிடித்தால் உடனே மருந்து என்று ஓடாதே, ஓமத்தை வறுத்துத் துணியில் கட்டி மோந்து பார்க்க வை. சபரி மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லு. நீயும் அவரும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நீண்ட காலம் ஒற்றுமையாக இருக்க அம்மாவின் மனசு நிறைந்த ஆசீர்வாதம். ஒன்று மறக்காதே, வேறு பேரில் புகுந்து நீ அந்தச் சேலையை ஏலம் கேட்டுவிடாதே, உன்னை எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கிறது. இதுவரைக்கும் யாரும் கேட்கவில்லை, பதினோரு பேர் பார்த்திருக்கிறார்கள் என்று வெண்பா எண்ணிச் சொன்னாள். கேட்காவிட்டால் பரவாயில்லை. முன்னே பின்னே தெரியாத பதினோரு பேர் எழிலரசி என்று ஒருத்தி இருந்தாள், இப்போது இல்லை என்று படித்திருக்கிறார்கள்.

இப்படிக்கு
உன் அம்மா
சே. தனபாக்கியம்